வாசகர் கேள்வி – பதில்: ஹெட்போன் துளையிலிருந்து கூடத்து ஸ்டீரியோவுக்கு

கேள்வி (மயிலாப்பூர் வாசகர்): என் தந்தையார் 1980களில் வாங்கிய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரும் இரண்டு பெரிய ஸ்பீக்கர்களும் இன்றும் நல்ல நிலையில் இருக்கின்றன. பேரன் தனக்கு வேண்டாம் என்று கொடுத்துவிட்டுப் போன சிறிய எம்பி3 பிளேயரில் பல கச்சேரிகளைப் பதிந்து வைத்திருக்கிறேன். அதன் ஹெட்போன் துளையிலிருந்து வயர் எடுத்து ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்கலாமா? ஒரு ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டை இன்னொன்றுக்குள் செலுத்தினால் புகைந்துவிடும் என்று தெரிந்த மெக்கானிக் ஒருவர் எச்சரிக்கிறார். பின்பக்கத்தில் ஃபோனோ, டியூனர், ஆக்ஸ், டேப் என்று எழுதியிருக்கிறது. ஃபோனோவில் மாட்டிப் பார்த்தேன். மிருதங்கத்தின் தொப்பி (தாழ்ந்த ஒலி தரும் இடப்பக்கம்) மட்டும் வீடே அதிரும்படி முழங்கியது, பாட்டு கரகரத்தது.

பதில்: தாராளமாகக் கொடுக்கலாம், ஆனால் ஃபோனோவில் அல்ல, ஆக்ஸ் என்ற பொது உள்ளீட்டில். உங்கள் மெக்கானிக் சொன்னது ஸ்பீக்கருக்குப் போகும் முனைகளைப் பொறுத்தவரை சரி. அவற்றை இன்னொரு ஆம்ப்ளிஃபயரின் உள்ளீட்டில் கொடுத்தால் கேடு வரக்கூடும். ஹெட்போன் துளை அப்படிப்பட்டதன்று. அதற்குப் பின்னாலும் ஒரு குட்டி ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது என்பது உண்மைதான் என்றாலும், வால்யூமை முழுவதும் ஏற்றினாலும் கையடக்கக் கருவிகள் பெரும்பாலும் ஒரு வோல்ட்டை ஒட்டியோ அதற்குக் குறைவாகவோதான் தருகின்றன; அதே ஆக்ஸ் சாக்கெட்டில் வீட்டு சிடி பிளேயரை மாட்டினால் அது 2 வோல்ட் வரை தரும், ஆம்ப்ளிஃபயர் அதையே அலட்டிக்கொள்ளாமல் ஏற்கும். பிளேயருக்கும் இதனால் பாரம் இல்லை. 16 ஓம் அல்லது 32 ஓம் ஹெட்போனை இயக்கப் பழகிய அதற்கு, பல்லாயிரம் ஓம் மின்தடையுள்ள ஆக்ஸ் உள்ளீடு எதிரே ஒன்றுமே மாட்டாதது போலத்தான். ஹெட்போனில் கேட்பதைவிட இங்கே அதன் வெளியீடு தூய்மையாக இருக்கவும் வாய்ப்புண்டு.

ஃபோனோவில் நடந்ததற்குக் காரணம் வேறு. ‘ஃபோன்’ என்ற ஒலிப்பைப் பார்த்து ஹெட்போனுக்கும் அதற்கும் உறவிருப்பதாக எண்ணிப் பலர் அங்கே மாட்டிவிடுகிறார்கள். அது இசைத்தட்டுச் சுழற்றிக்கு மட்டுமே உரிய இடம். இசைத்தட்டின் ஊசிமுனை தருவது சில மில்லிவோல்ட்டுகளே என்பதால், ஃபோனோ பகுதி அதை முதலில் பல மடங்கு பெருக்குகிறது. மேலும், தட்டில் பதிக்கும்போது தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தும் உயர்ந்த ஒலிகளைக் கூட்டியும் பதிப்பது 1954இல் வந்த ஆர்ஐஏஏ என்ற பொது முறை. ஃபோனோ பகுதி அதைத் தலைகீழாக்கித் திருத்துகிறது. அடிமட்ட ஒலிகள், நடுத்தர ஒலிகளோடு ஒப்பிட, ஏறக்குறைய பத்து மடங்கு உயர்த்தப்படுகின்றன. ஏற்கெனவே சீராக இருக்கும் உங்கள் பதிவு இந்தத் திருத்தத்துக்குள் போனதால்தான் தொப்பி மட்டும் முழங்கியது. தாங்கும் அளவுக்கு மேல் வோல்டேஜ் போனதால் கரகரத்தது. ஒரு முறை மாட்டியதால் எதுவும் பழுதாகியிருக்காது. ஆக்ஸ், டியூனர், டேப் மூன்றும் ஒரே தரத்து உள்ளீடுகள். எது காலியோ அதில் மாட்டலாம். டேப்பில் மட்டும், பதிவு செய்ய வெளியே அனுப்பும் ஜோடியும் இருக்கும் என்பதால், ‘ப்ளே’ அல்லது ‘இன்’ என்று எழுதிய ஜோடியா என்று பார்த்து மாட்டுங்கள்.

வயருக்கு ரிச்சி தெருவுக்குப் போனால், ‘த்ரீ பாயிண்ட் ஃபைவ் ஸ்டீரியோ டு டூ ஆர்சிஏ’ என்று கேளுங்கள். ஒரு முனையில் 3.5 மி.மீ. பின்னும் மறுமுனையில் சிவப்பு, வெள்ளை (சிலவற்றில் கறுப்பு) பின்களும் இருக்கும். சிவப்பு வலது, மற்றது இடது. வாங்கும் முன் 3.5 மி.மீ. பின்னில் எத்தனை கறுப்பு வளையங்கள் என்று எண்ணிப் பாருங்கள்: இரண்டு இருக்க வேண்டும். மூன்று வளையங்களும் மஞ்சள் நிற மூன்றாவது பின்னும் இருந்தால் அது வீடியோ கேமராவுக்கான வயர். அதில் இணைப்பு வரிசை மாறியிருக்கும். ஒரு வளையம் மட்டும் இருந்தால் மோனோ பின், அது வலதுபக்க வெளியீட்டை எர்த்தோடு சேர்த்துவிடும். ஒன்றரை மீட்டர் நீளம் போதும். தங்கமுலாம் பூசியது என்று பல மடங்கு விலை சொன்னால், பாட்டு அதனால் இனிமையாகாது என்பதே என் கருத்து; கடற்காற்றில் பின்கள் கறுத்துப்போகும் நம் ஊரில் அந்த முலாம் துருவைத் தள்ளிப்போடும், அவ்வளவே.

வால்யூமைத்தான் கவனமாக வைக்க வேண்டும். பிளேயரில் மிகக் குறைவாக வைத்து ஆம்ப்ளிஃபயரில் ஏற்றினால் ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சலும் சேர்ந்து பெருகும். பிளேயரில் முழுவதும் ஏற்றினால் சில கருவிகளில் ஒலியின் உச்சிகள் நறுக்கப்படும். ஆகவே தனி ஆவர்த்தனத்தின் உச்சக்கட்டத்தைப் போட்டு, ஆம்ப்ளிஃபயரில் வால்யூமைக் குறைவாக வைத்துக்கொண்டு, மிருதங்கச் சொற்கள் உடையத் தொடங்கும் வரை பிளேயரில் ஏற்றுங்கள். பிறகு அங்கிருந்து இரண்டு படி இறக்கி அப்படியே விட்டுவிடுங்கள். உடையவே இல்லையென்றால் உச்சத்திலிருந்து இரண்டு படி கீழே. இனிமேல் கூட்டுவதும் குறைப்பதும் ஆம்ப்ளிஃபயரில் மட்டும். பிளேயரின் ஈக்வலைசரும் ‘பேஸ் பூஸ்ட்’டும் அணைந்திருக்கட்டும், அவை காதுக்குள் வைக்கும் சிறு ஸ்பீக்கருக்காக வந்தவை. வயரை மாட்டும்போதும் கழற்றும்போதும் ஆம்ப்ளிஃபயரின் வால்யூம் பூஜ்ஜியத்தில் இருப்பது அவசியம். பாதி மட்டும் நுழைந்த வயர் எழுப்பும் ‘டொம்’ என்ற சத்தம் பழைய ஸ்பீக்கர்களுக்கு ஆகாது.

கேள்வி (பெரம்பூர் வாசகி): நீங்கள் சொல்வதுபோலவே இணைத்திருக்கிறேன், ஐயா. பிளேயரைச் சார்ஜரில் போட்டால் மட்டும் தம்பூராவைப் போல ‘ம்ம்’ என்ற ஓசை விடாமல் கேட்கிறது. ஏன்?

பதில்: சார்ஜரிலிருந்து கசியும் மிகச் சிறிய மின்னோட்டம் ஒலி வயரின் பொதுக் கம்பி வழியாக ஆம்ப்ளிஃபயருக்குப் போவதால் வருவது அது, நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அந்தத் தாழ்ந்த ஓசை. முதலில் சார்ஜ் செய்துவிட்டுக் கழற்றிய பின் கேளுங்கள், அல்லது பவர் பேங்கிலிருந்து மின்சாரம் கொடுங்கள். சார்ஜரிலேயே வைத்துக் கேட்டாக வேண்டுமென்றால், ‘கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்’ என்ற சிறு டப்பாவை இடையில் மாட்டலாம். மலிவானவற்றில் அடிமட்ட ஒலி சற்று மெலியும். எந்தக் காரணத்துக்காகவும் ஆம்ப்ளிஃபயரின் மூன்று முனை பிளக்கில் எர்த் முனையை மட்டும் நீக்கிவிடாதீர்கள். ஓசை நின்றாலும் உயிருக்கு ஆபத்து.

கேள்வி (திருவொற்றியூர் வாசகர்): தாத்தா காலத்து வால்வு ரேடியோவில் ‘பிக்அப்’ என்று ஒரு துளை இருக்கிறது. அதிலும் இணைக்கலாமா?

பதில்: வால்வுகளைத் தெரிந்த ஒரு ரேடியோ மெக்கானிக் பார்க்கும் வரை வேண்டாம். அந்தக் காலத்தில் மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத செட்டுகளும் வந்தன. அவற்றில் உலோகச் சட்டமே வீட்டு மின்சாரத்தோடு நேராகத் தொடர்பு கொண்டிருக்கும், பிளேயரைக் கையில் எடுத்தாலே ஷாக் அடிக்கும். டிரான்ஸ்ஃபார்மர் உள்ள செட் என்று அவர் உறுதி செய்தால் இணைக்கலாம். ரேடியோ மோனோ என்பதால், பிளேயரின் இடது வலது கம்பிகளை நேராக ஒன்றாக முறுக்காமல், ஒவ்வொன்றிலும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் பற்றவைத்து, அதன் பிறகே சேர்க்கச் சொல்லுங்கள்.