குழந்தை இருக்கை டிராலி ஆடுகிறது, பெல்ட்டும் இல்லை

அக்கா, தோட்டத்துப் பக்கம் மினி மார்க்கெட்டுக்குப் பழைய டிராலி ஆறு எடுத்திருப்பதாகவும், பெல்ட் அறுந்த இடத்தில் ராஃபியா கயிறு (பிளாஸ்டிக் நார்க் கயிறு) கட்டியிருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். அந்தக் கயிற்றை இன்றைக்கே அவிழ்த்துவிடுங்கள். பிள்ளை இழுக்க இழுக்க முடிச்சு இறுகும். அவசரத்துக்குத் தூக்க முடியாது.

25 மி.மீ. நைலான் பட்டையும் அழுத்தித் திறக்கும் பிளாஸ்டிக் பக்கிளும் வாங்குங்கள். முதுகுப் பக்கத்துக் கம்பி இரண்டைச் சுற்றி, குறுக்குக் கம்பிக்குக் கீழே நழுவாதபடி மாட்டுங்கள். வெட்டிய முனையை லைட்டரில் லேசாக உருக்கினால் நூல் பிரியாது. வயிற்றுக்கும் பட்டைக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்தால் போதும்.

ஆட்டத்துக்குச் சக்கரத்தைப் பாருங்கள். சமமான தரையில் ஒரு சக்கரம் அந்தரத்தில் நின்றால் அதன் கவையோ (சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரு கிளை இரும்பு) வண்டிச் சட்டமோ வளைந்திருக்கலாம். கவை வளைந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். அச்சில் முடி, ராஃபியா நார் சுற்றியிருந்தால் கத்தியால் அறுத்தெடுங்கள்.

இருக்கை உயரத்தில் இருப்பதால் பிள்ளை எழுந்து நின்றாலே எடை மேலேறி வண்டி பக்கவாட்டில் கவிழக்கூடும். அதனால் அரிசி மூட்டை எப்போதும் கூடையின் அடியில். கால் ஓட்டையை மூடும் பலகை விரிசல் விட்டிருந்தால் தொடையைக் கிள்ளும். அந்த டிராலியில் பிள்ளையை உட்கார விடவே வேண்டாம்.