எந்த அலி, எந்த டைசன்?

வணக்கம் சார்,

குத்துச்சண்டை பார்க்கிற நாங்கள் நாலைந்து பேர் கூடினால் பேச்சு கடைசியில் ஒரே இடத்தில் வந்து முட்டுகிறது. உச்சத்தில் இருந்த முகமது அலியும் உச்சத்தில் இருந்த மைக் டைசனும் மோதியிருந்தால் யார் ஜெயித்திருப்பார்கள்? ஒரு கட்சி, 'ஓட்டப்பந்தயத்தில் நேரம் குறைந்துகொண்டே வருகிறது, உடம்பு வலுத்துக்கொண்டே வருகிறது. பின்னால் வந்தவன்தான் ஜெயிப்பான்' என்கிறது. இன்னொரு கட்சி, 'அப்போது 15 ரவுண்டு, இப்போது 12க்கே மூச்சு வாங்குகிறது' என்கிறது. மூன்றாவதாக ஒருவர், 'ராக்கி மார்சியானோ 49 சண்டைக்கு 49 வெற்றி. மற்றதெல்லாம் வெட்டிப்பேச்சு' என்று எழுந்து போய்விடுகிறார். இதில் தீர்ப்பு என்று ஒன்று சாத்தியமா, இல்லை எல்லாமே அரட்டைதானா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அரட்டைதான். ஆனால் கணக்கு வைத்துப் பேசும் அரட்டை வேறு, ஆளாளுக்குக் கத்தும் அரட்டை வேறு. உங்கள் நண்பர்கள் வழுக்குவது 'உச்சத்தில் இருந்த அலி' என்ற சொல்லில். அப்படி ஒரே ஆள் இருந்ததில்லை. ராணுவத்தில் சேர மறுத்ததால் உரிமம் பறிபோய், 1967 மார்ச்சில் ஸோரா ஃபோலியுடன் மோதியதற்கும் 1970 அக்டோபரில் ஜெர்ரி குவாரியுடன் மோதியதற்கும் நடுவே மூன்றரை ஆண்டு அலி ரிங்கில் இல்லை. போனவர் ஒருவர், திரும்பி வந்தவர் இன்னொருவர். முன்னவருக்குக் கால்தான் கவசம். குத்து வந்து சேரும்போது அவர் அங்கே இருக்கமாட்டார். பின்னவருக்கு அந்தக் கால் பாதிதான் மிச்சம். அதற்கு ஈடாகக் கயிற்றில் சாய்ந்து அடி வாங்கவும், எதிராளியின் பிடரியை அமுக்கிப் பிடித்து கிளிஞ்ச்சில் (கட்டிப்பிடியில்) நேரத்தைத் தின்னவும் கற்றுக்கொண்டார். 1974இல் கின்ஷாசாவில் ஃபோர்மனை 8ஆவது ரவுண்டில் சாய்த்தவர் இந்த இரண்டாமவர். வாதத்தில் எல்லோரும் செய்யும் களவு, 1966இன் காலையும் 1974இன் தாடையையும் ஒட்டி ஒரு அலியைச் செய்துகொள்வது. அவரை யாராலும் ஜெயிக்க முடியாதுதான். அவர் பிறக்கவே இல்லையே.

ஆகவே பெயரோடு தேதியும் சொல்லவேண்டும். வழக்கமாக அலிக்கு 1966 நவம்பர் 14: ஹூஸ்டனில் கிளீவ்லண்ட் வில்லியம்ஸை 3ஆவது ரவுண்டில் முடித்த இரவு. டைசனுக்கு 1988 ஜூன் 27: அட்லாண்டிக் சிட்டியில் மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 விநாடியில் முடித்த இரவு. தேதிகள் சரி. ஆனால் அந்த இரண்டு படங்களையும் சாட்சியாக வைக்காதீர்கள். வில்லியம்ஸ் 1964இல் போலீஸ்காரர் ஒருவரால் சுடப்பட்டு ஒரு சிறுநீரகத்தை இழந்தபின் வந்து நின்றவர். ஸ்பிங்க்ஸ் லைட்ஹெவிவெயிட் என்ற குறைந்த எடைப்பிரிவிலிருந்து சதை ஏற்றிக்கொண்டு மேலே வந்தவர். எதிரில் இருப்பவன் திருப்பி அடிக்காதபோது ஒருவன் எவ்வளவு அழகாகத் தெரிவான் என்பதைத்தான் அவை காட்டும். எல்லை தெரியவேண்டுமானால் அவன் திணறிய சண்டைகளைப் பார்க்கவேண்டும். (இன்னும் பழைய படங்களில் வேறொரு சிக்கல். ஜாக் ஜான்சன், டெம்ப்ஸி காலத்துப் படச்சுருள்கள் கையால் சுற்றி எடுத்தவை. விநாடிக்கு 16, 18 சட்டங்கள் (ஃப்ரேம்கள்) தான் இருக்கும். அதை 24இல் ஓட்டினால் எல்லோரும் பொம்மைகள்போலத் துள்ளுவார்கள். முக்கால் வேகத்தில் வைத்துப் பாருங்கள், ஆட்களும் தெரிவார்கள், நுட்பமும் தெரியும்.)

மார்சியானோ நண்பருக்கு. 49 வெற்றி, 43 நாக்அவுட், தோல்வியே இல்லை என்பதெல்லாம் உண்மை. ஆனால் பட்டியலில் பெயரைப் பார்ப்பதோடு அந்த இரவில் அந்தப் பெயருக்கு வயது என்ன என்றும் பார்க்கவேண்டும். 1951இல் அவரிடம் விழுந்த ஜோ லூயிஸுக்கு 37. 1952இல் பட்டத்தை இழந்த ஜெர்ஸி ஜோ வால்காட்டுக்கு 38. இது மார்சியானோவின் குற்றமல்ல, அவருக்குக் கிடைத்தவர்கள் அவர்கள். ஆனால் 1938இன் லூயிஸை, இரண்டாம் முறை மோதியபோது ஷ்மெலிங்கை 124 விநாடியில் உடைத்த அந்த லூயிஸை, அவர் ஜெயித்தார் என்று அந்த எண்ணிலிருந்து வராது.

இனி விதிகள். பாதி வாதங்கள் இங்கேயே முடிந்துவிடும் என்பது என் எண்ணம். 1982 நவம்பரில் ரே மான்சினியுடன் மோதிய கொரிய வீரர் கிம் டுக்கூ 14ஆவது ரவுண்டில் விழுந்து, சில நாளில் இறந்தார். அதன்பின் உலகக் குத்துச்சண்டைக் கவுன்சில் பட்டச் சண்டைகளை 12 ரவுண்டாகக் குறைத்தது; மற்ற அமைப்புகள் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பின்தொடர்ந்தன. வெட்டியது மூன்று ரவுண்டு, அதாவது ஒன்பது நிமிடம். அந்த ஒன்பது நிமிடத்தில் என்னென்ன நடந்திருக்கிறது என்று பாருங்கள். 1941இல் ஜோ லூயிஸுக்கு எதிராக பில்லி கான் 12 ரவுண்டு முடிவில் நடுவர்களின் மூன்று புள்ளிக் கார்டுகளில் இரண்டில் முன்னால், மூன்றாவதில் சமம்; 13ஆவது ரவுண்டு முடிய 2 விநாடி இருக்கையில் நாக்அவுட் ஆனார். 1952இல் மார்சியானோ மூன்று கார்டுகளிலும் பின்னால். 13ஆவதில் ஒரே வலக்கைக் குத்து, வால்காட் காலி. 1981இல் தாமஸ் ஹெர்ன்ஸ் மூன்று கார்டுகளிலும் முன்னால். 14ஆவதில் ஷுகர் ரே லெனார்ட் அவரைக் கயிற்றில் வைத்து நிறுத்தினார். இன்றைய விதியில் மூன்றிலும் ஜெயித்தவர் மாறிவிடுவார். மார்சியானோவின் பூஜ்யம் அன்றே அழிந்திருக்கும். எனவே 'அலியா டைசனா' என்று கேட்பதற்கு முன் 'எத்தனை ரவுண்டு' என்று கேட்பது சாக்கல்ல, கேள்வியின் பாதி அது.

எடை பார்க்கும் நேரமும் அப்படியே. முன்பு சண்டை நடக்கும் நாளன்றே தராசில் ஏறுவார்கள். இப்போது முந்தைய நாள். நீரை வற்றவைத்து வரம்பைத் தொட்டுவிட்டு, ஒரு இரவில் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். 2000இல் ஆர்ட்டுரோ காட்டி 141 பவுண்டு வரம்புக்குள் எடை காட்டி, மறுநாள் ஜோயி கமாச்சேயின் முன் ஏறக்குறைய 160 பவுண்டாக நின்றார். ஷுகர் ரே ராபின்சனையும் மேவெதரையும் 147 பவுண்டு எடையில் மோதவிடுகிறவர்கள் எந்தத் தராசு என்று சொல்வதே இல்லை. அன்றைக்கே தராசு என்றால் ராபின்சன் வழக்கமாக வரும் ராபின்சன். முந்தைய நாள் என்றால் அதே ராபின்சன் மிடில்வெயிட் உடம்போடு வருவார். மேவெதரோ 130 பவுண்டில் தொடங்கியவர், ஏற்றிக்கொள்ள அவரிடம் பெரிதாக எதுவும் இல்லை.

ரிங்கின் அளவை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கயிற்றுக்குள் 20 அடி சதுரம் என்றால் 400 சதுர அடி. 16 அடி என்றால் 256. நான்கு அடி குறைத்தால் ஓடுகிறவனுக்கு மூன்றில் ஒரு பங்கு நிலம் போய்விடுகிறது. கையுறை ஹெவிவெயிட்டில் இப்போது 10 அவுன்ஸ், முன்பு 8உம் அதற்குக் குறைவும். விழுந்தவன் எழும்வரை அடித்தவன் ஒதுங்கி நிற்கவேண்டுமா என்பது வேறு. 1919இல் டெம்ப்ஸி, தன்னைவிட ஐம்பது பவுண்டுக்கு மேல் கனமான வில்லார்டை முதல் ரவுண்டிலேயே ஏழு முறை வீழ்த்தினார். எழுந்திருக்கும்போதே தலைமாட்டில் நின்று மறுபடி அடித்தார். 1927இல் அதே பழக்கத்தில், விழுந்த டன்னியின் பக்கத்திலேயே நின்றார், விதி மாறியிருந்தது, நடுவர் எண்ண ஆரம்பிக்கவில்லை. டன்னிக்குப் பதினான்கு விநாடி போலக் கிடைத்தது, எழுந்து ஜெயித்தார்.

'பின்னால் வந்தவன் ஜெயிப்பான்' கட்சிக்கு: ஓட்டத்தில் எதிரி கடிகாரம், குத்துச்சண்டையில் எதிரி இன்னொரு ஆள். கடிகாரம் ஏமாறாது. ஏமாற்றக் கற்றுக்கொள்ள ரிங்கில் நிறைய நாள் நிற்கவேண்டும். 1943 பிப்ரவரியில் ராபின்சன் 5ஆம் தேதி தன்னைவிடப் பதினைந்து பவுண்டுக்கு மேல் கனமான லமோட்டாவிடம் தோற்றார், 19ஆம் தேதி ஜாக்கி வில்சனை வென்றார், 26ஆம் தேதி லமோட்டாவையே திரும்ப வென்றார். இன்று ஒரு சாம்பியன் ஆண்டுக்கு இரண்டு சண்டை போட்டால் அதிகம். உடம்பு விஷயத்தில் மட்டும் அவர்கள் சொல்வதில் சாரம் உண்டு, அதுவும் ஓரளவுக்கு. மார்சியானோ 5 அடி 10 அங்குலம், 185 பவுண்டு சுமார். இன்றைக்கு அவர் 200 பவுண்டு வரம்புள்ள க்ரூயிசர்வெயிட். ரீச் (விரித்த கைகளின் நீளம்) 68 அங்குலம் என்பார்கள். டைசன் ஃப்யூரிக்கு 85. அங்கே வாதத்துக்கு இடமில்லை. ஆனால் 2024 மே மாதம் உசிக் அதே ஃப்யூரியை 38 பவுண்டு குறைவாக இருந்துகொண்டே வென்றார். உசிக்கின் உயரம் 6 அடி 3. தலையை எட்டும் உயரமும் காலும் இருந்தால் எடை வித்தியாசம் சமாளிக்கக்கூடியது. எட்டவே எட்டாதபோது இல்லை. அலி–டைசனில் இந்தப் பிரச்சினையே கிடையாது. 1966 அலி 213 பவுண்டு, 1988 டைசன் 218.

'அவன் இவனை ஜெயித்தான், இவன் உன் ஆளை ஜெயித்தான்' என்ற சங்கிலி வாதத்தையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். 1971இல் ஃப்ரேசியர் அலியை வென்றார். 1973இல் ஃபோர்மன் ஃப்ரேசியரை இரண்டு ரவுண்டில் ஆறு முறை வீழ்த்தினார். 1974இல் அலி ஃபோர்மனை வென்றார். காரணம் வலிமையின் ஏறுவரிசையல்ல, பாணி. ஃப்ரேசியர் குனிந்து அசைந்து முன்னே வருகிறவர், நேராக ஃபோர்மனின் அப்பர்கட்டுக்குள் (கீழிருந்து மேலே வரும் குத்துக்குள்) வந்தார். அலி வரவில்லை, ஃபோர்மனைத் தன்னிடம் வரவைத்துக் களைக்கவிட்டார். 1969இல் அலியையும் மார்சியானோவையும் ஒரு நிமிட ரவுண்டுகளாகப் படம்பிடித்து, கணினி தீர்ப்பு சொன்னதாக 1970இல் திரையரங்குகளில் ஓட்டினார்கள். அமெரிக்காவில் மார்சியானோ 13ஆவது ரவுண்டில் ஜெயித்தார், ஐரோப்பாவில் காட்டிய பிரதியில் அலி ஜெயித்தார். கணினிக்கும் பார்வையாளர் யாரென்று தெரிந்திருக்கிறது.

சரி, உங்கள் சண்டைக்கு வருவோம். 1966 அலி, 1988 டைசன், 20 அடி ரிங்.

அலியின் ஓட்டை தெரிந்ததே. இடக்கை இடுப்பில், தாடை மேலே, குத்து வந்தால் பக்கவாட்டில் விலகாமல் தலையை நேர் பின்னால் இழுப்பார். ஒற்றைக் குத்துக்கு அது போதும், அடுத்தடுத்து வந்தால் இரண்டாவது பிடிக்கும். 1962இல் ஸன்னி பேங்க்ஸ், 1963இல் ஹென்றி கூப்பர், 1971இல் ஃப்ரேசியர் என்று அவரைச் சந்தேகமில்லாமல் வீழ்த்திய மூன்று பேரும் பயன்படுத்தியது இடக்கை ஹூக் (பக்கவாட்டில் வளைத்து வீசும் குத்து). டைசனுக்கு அதைவிட வேகமான இடக்கை ஹூக் உண்டு, அதுவும் தனியாக வராது. முதல் நான்கு ரவுண்டில் அலி ஒருமுறை விழுவார் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

டைசனின் ஓட்டைக்கு, அவர் டக்ளஸிடம் தோற்ற சண்டையைக் காட்டாதீர்கள். 1990 டோக்கியோ டைசன், பயிற்சியாளர் கெவின் ரூனியை விலக்கியபின் தலையசைவு குறைந்துபோன டைசன். ரூனி இருந்தபோதே நடந்தவற்றைப் பாருங்கள். 1986இல் ஜேம்ஸ் டில்லிஸ் பத்து ரவுண்டும் நகர்ந்துகொண்டே இருந்தார், முடிவு நெருக்கமாகத்தான் வந்தது. 1987இல் போன்க்ரஷர் ஸ்மித் பன்னிரண்டு ரவுண்டு கட்டிப்பிடித்தே கழித்தார், டோனி டக்கர் ஜாப் (முன்கையால் நேராக நீட்டும் குத்து) போட்டும் பிடித்தும் பன்னிரண்டு போனார். கிளிஞ்ச்சில் மாட்டினால் டைசன் உள்ளே குத்தாமல் நடுவர் பிரிப்பதற்காகக் காத்திருப்பார். ஆறாவது ரவுண்டுக்குமேல் கூட்டுக்குத்துகள் ஒற்றைக்குத்துகளாகத் தேயும். 12க்குமேல் அவர் போனதே இல்லை. அலியோ 1966 மார்ச்சில் ஷுவாலோ விலாவில் அடித்துக்கொண்டே இருக்க, 15 ரவுண்டு நின்று வென்றவர்.

என் கணக்கு: 15 ரவுண்டு என்றால் அலி, பத்துக்குமேல் எப்போதாவது நடுவர் நிறுத்துவார். 12 என்றால் அலிதான், ஆனால் புள்ளியில், நெருக்கமாக. ரிங்கை 16 அடியாக்கி, பிடித்தால் புள்ளி வெட்டும் நடுவரைப் போட்டால் ஐந்து ரவுண்டுக்குள் டைசன். 1966 அலிக்குப் பிற்கால அலியின் பிடிவித்தை இன்னும் வரவில்லை என்பது அங்கே பெரிதாக உதைக்கும்.

டைசன் கட்சி என்னை மடக்க நினைத்தால் ஸ்பிங்க்ஸ் படத்தைப் போடவேண்டாம். 1987 அக்டோபரில் டைரல் பிக்ஸுடன் நடந்ததைப் போடுங்கள். 6 அடி 5, ஒலிம்பிக் தங்கம், நல்ல ஜாப், நல்ல கால். முதல் ரவுண்டில் அலிபோலவே ஆடுகிறார். அதன்பின் டைசன் விலாவைக் குறிவைத்துக் காலை எப்படி நிறுத்துகிறார், ஏழாவதில் எப்படி முடிக்கிறார் என்று பாருங்கள். அந்த ஏழு ரவுண்டுக்கு என்னிடம் இருக்கும் ஒரே பதில், பிக்ஸின் கால் இரண்டாவது ரவுண்டோடு நின்றுவிட்டது, அலியின் கால் நின்றிருக்காது என்பதுதான்.

அன்புடன்.