மருதையாற்றுப் பாலமும் சாஸ்திரியும்

அன்புள்ள ஐயா,

ஊருக்குப் போகும்போதெல்லாம் ரயில் அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலத்தைத் தாண்டும். 1956இல் அங்கே நடந்த விபத்தையும், அதற்காக லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே அமைச்சர் பதவியை விட்டதையும் அப்பா அடிக்கடி சொல்லுவார். பிரதமரான பிறகும் கார் வாங்க வங்கியில் கடன் வாங்கிய மனிதர். அப்படி எளிமையான ஒருவர் இனி நமக்குக் கிடைப்பாரா?

அன்புடன்,
அரியலூர் வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் ஏக்கம் எனக்கும் உண்டு. ஆனால் அந்தக் கார் கடனைப் பற்றியே பேசிப் பேசி சாஸ்திரியைச் சின்னவராக்கிவிட்டோமோ என்று வருத்தமாக இருக்கிறது. எளிமையான தலைவர்கள் அந்தத் தலைமுறையில் நிறையப் பேர் இருந்தார்கள். தன் துறையில் நடந்ததற்குத் தானே முன்வந்து பொறுப்பேற்றவர்கள் அப்போதும் குறைவுதான்.

அந்தப் பாலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நவம்பர் மாத வெள்ளத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றுக்குள் விழுந்து 140க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சில மாதங்களுக்கு முன்புதான் மெகபூப்நகர் விபத்துக்காக சாஸ்திரி ராஜினாமா கொடுத்து, நேரு அதை ஏற்க மறுத்திருந்தார். அரியலூருக்குப் பிறகு மறுபடி கொடுத்தார். நேரு இந்த முறை ஏற்றுக்கொண்டார். விபத்துக்கு சாஸ்திரி காரணமில்லை, ஒரு முன்மாதிரி வேண்டும் என்பதற்காகவே ஏற்கிறேன் என்று நாடாளுமன்றத்தில் விளக்கமும் சொன்னார்.

சரி, சாஸ்திரியைப் பற்றிப் பேசும்போது 1965ஐ விட்டுவிட எனக்கு மனம் வராது. அந்த ஜனவரி 26 முதல் இந்தி ஆட்சிமொழி என்றானது. தமிழ்நாட்டில் தீக்குளித்தார்கள், துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். பிரதமர் அவர்தான். எவ்வளவு அன்பு இருந்தாலும் அந்தக் கணக்கை நான் அழிக்கமாட்டேன். மத்திய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் பதவி விலகினார்கள். சாஸ்திரி அந்தக் கடிதங்களைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பியும்விட்டார். ராதாகிருஷ்ணன் ஏற்கவில்லை. அதன்பின் பிப்ரவரி 11 அன்று வானொலியில் பேசிய சாஸ்திரி, இந்தி பேசாத மாநிலங்கள் விரும்பும்வரை ஆங்கிலம் தொடரும் என்று உறுதி கொடுத்தார். பதினாறு நாளில் ஒரு பிரதமர் நாடே பார்க்க இறங்கிவந்தார். இவ்வளவு தாமதமாக ஏன் என்ற கோபம் எனக்கு உண்டு, இறங்கிவந்தாரே என்ற மரியாதையும் உண்டு.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. தன்னை எதிர்த்து ராஜினாமா செய்த சி. சுப்பிரமணியத்தை, அதாவது சி.எஸ்.ஸை, ஓரங்கட்டாமல் அதே உணவு, வேளாண் துறையில் வேலை செய்யவிட்டார். நாடு அமெரிக்கக் கோதுமையை நம்பியிருந்த நேரம் அது. விவசாயிக்குக் கட்டுப்படியாகும் விலை, அதிக விளைச்சல் தரும் மெக்சிகோவின் குட்டை ரகக் கோதுமை விதை என்று சி.எஸ். கொண்டுவந்தவற்றுக்கு டெல்லியிலேயே எதிர்ப்பு இருந்தது. சாஸ்திரி அவர் பக்கம் நின்றார். விவசாயியிடம் தானியம் கொள்முதல் செய்யும் இந்திய உணவுக் கழகமும் அந்த 1965 ஜனவரியில்தான், நம் தஞ்சாவூரில் தொடங்கியது.

இப்படி ஒருவர் இன்றைக்கும் வேண்டும் என்றுதான் நானும் ஏங்குகிறேன். உங்கள் அப்பாவிடம் 65ஐப் பற்றியும் கேட்டு எழுதுங்கள்.