ரோட்டில் உட்கார்ந்த கதையை வீட்டில் சொன்னாயா?

கேள்வி: மூணாறு பக்கம் தேயிலை எஸ்டேட் லயத்தில் இருக்கிறோம். நான் கொழுந்து பறிக்கிறேன். மகள் தேனியில் காலேஜ் முதல் வருடம். லீவுக்கு வந்தால் பொழுதன்னைக்கும் ‘சிங்கப்பெண்ணே’ பாட்டுதான். அண்ணன் சாப்பிட்ட தட்டை எடுக்கச் சொன்னால், “அவனுக்குக் கை இல்லையா?” என்கிறாள். 2015 ஸ்டிரைக்கில் நானும் இவளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ரோட்டில் உட்கார்ந்தவள்தான். அதையெல்லாம் வீட்டில் பேசுவதில்லை. பாட்டுதான் பிள்ளையைக் கெடுக்கிறதா?

பதில்: தங்கச்சி, பாட்டைப் பற்றியும் தட்டைப் பற்றியும் விலாவாரியாக எழுதிவிட்டு, 2015-ஐ ஒரே வரியில் தள்ளிவிட்டாயே. எனக்குக் கோபம் வந்தது அங்கேதான்.

19 சதவீதமாக இருந்த போனஸைக் கம்பெனி 10 ஆக்கியபோது, 232 ரூபாய் நாள்கூலிக்கு மலையேறிய பெண்கள் நீங்கள் செப்டம்பரில் மூணாறு ரோட்டை மறித்தீர்கள். தொழிற்சங்கத் தலைவர்களைக் கிட்டே அண்டவிடவில்லை. போனஸும் கருணைத்தொகையும் சேர்த்து 20 சதவீதம் என்று முடிவான ஒன்பதாம் நாள்தான் எழுந்தீர்கள். ‘பெம்பிளை ஒருமை’, அதாவது பெண்கள் ஒற்றுமை என்ற உங்கள் கூட்டத்தின் பேரைச் சொன்னால் கேரளா முழுக்கத் தெரியும். உன் வீட்டில் தெரியாது!

அந்தப் பாட்டு 2019-இல் வந்தது. விவேக் எழுதி, ஏ.ஆர்.ரஹ்மான் இசையமைத்தது. பள்ளி ஆண்டு விழாவோ மகளிர் தினமோ, அது ஒலிக்காத மேடை இல்லை. சாதித்த பெண்ணைப் பற்றிப் பத்திரிகைக்காரர்கள் எழுதினால் தலைப்பிலேயே அந்தச் சொல் வந்துவிடுகிறது. நல்ல பாட்டுதான், கேட்கட்டும். ஆனால் அந்தப் பாட்டு வரும் ‘பிகில்’ படத்தில், கால்பந்து ஆடும் பெண்களை உசுப்பி மைதானத்தில் இறக்க ஹீரோ வருகிறார். உங்களை உசுப்ப யார் வந்தார்? அதைப் பெற்ற மகளிடம் மறைத்துவிட்டு, சினிமாவிலிருந்து ரோஷம் கற்றுக்கொள்கிறாள் என்று குறைப்படுகிறாய்.

பிறகு கேட்ட 500 ரூபாய் கூலி கிடைக்கவில்லை, சேர்ந்து நின்றவர்களும் பிரிந்தார்கள். அந்த வலியில் வாயை மூடிக்கொண்டாய் என்று நினைக்கிறேன். அந்தப் பாதியையும் சேர்த்தே சொல். ஜெயித்ததை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்வது வளர்ப்பாகாது.

தட்டு விஷயத்தில் உன் மகள் பக்கம்தான் நான். தின்றவன் கழுவட்டும். தலைவர்களுக்கே பணியாதவள், மகளை மட்டும் பணியச் சொல்வாயா? அதற்காக அவளையும் விடமாட்டேன். மழையில் கொழுந்துச் சாக்கு சுமந்து தாய் வந்து நிற்கையில், எழுந்து அடுப்பு மூட்டாமல் பாட்டுக் கேட்டு உட்கார்ந்திருப்பது தப்பு. அண்ணனுக்குச் செய்ய வேண்டாம், உனக்குச் செய்தே ஆக வேண்டும். அவனும் செய்ய வேண்டும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரையும் மூணாறு டவுனுக்குக் கூட்டிப் போ. நீ உட்கார்ந்த இடத்தைக் காட்டு. அன்றைக்கு அவளை யாரிடம் விட்டுவிட்டு வந்தாய் என்பதிலிருந்து ஆரம்பி.