மகளுக்கு ஆர்க்கிடெக்ட் சான்றிதழ்: இப்போது வேண்டாம் அண்ணே

அண்ணே, வணக்கம்.

போன சனிக்கிழமை கடையைப் பாதியில் அடைத்துவிட்டுத் திருமங்கலத்திலிருந்து வந்தீர்கள். கையில் நாலாக மடித்த நோட்டீஸ்: 'டோகாஃப்' என்ற ஆர்க்கிடெக்ட் சான்றிதழுக்கு வகுப்பு, கட்டணம் 85,000 ரூபாய். "கம்ப்யூட்டர் படிச்ச பிள்ளைக்கு எதுக்குத் தம்பி ஆர்க்கிடெக்ட் கோர்ஸ்? அவங்க வீட்டுக்கு பிளான் போடுறவங்கதானே?" என்று கேட்டீர்கள். வெளியே ஆட்கள் காத்திருந்ததால் அரைகுறையாகப் பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. இதே மாதிரி நோட்டீஸோடு இந்த மாதம் இன்னும் மூன்று பேர் வந்ததால், உங்கள் பெயரைப் போடாமல், எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். அந்த 85,000 ரூபாயைக் கட்டாதீர்கள். அதற்காக அடகு வைக்க நினைத்த அக்காவின் வளையல் பீரோவிலேயே இருக்கட்டும். சான்றிதழில் பொய் எதுவும் இல்லை, உலகம் முழுக்க மதிப்புள்ளதுதான். ஆனால் இந்த வருடம் பி.இ. முடித்த பிள்ளைக்கு அது ஐந்தாறு வருடம் முந்திக்கொண்டு வாங்குகிற சரக்கு.

அது என்ன வேலை என்று முதலில் பார்ப்போம். உங்கள் சிமென்ட் கடையையே எடுத்துக்கொள்ளுங்கள். கல்லாவில் பில் போட ஒரு சாஃப்ட்வேர். ஜி.எஸ்.டி.க்காக ஆடிட்டர் ஆபீஸில் டேலி. குடோன் சரக்கு, பையன் எழுதுகிற நோட்டில். மேஸ்திரிகள் தரும் ஆர்டர் வாட்ஸ்அப்பில். ஒரே ஆள் பில்லில் முழுப்பெயரோடு இருக்கிறார், நோட்டில் 'கப்பலூர் மேஸ்திரி', வாட்ஸ்அப்பில் வெறும் நம்பர். அவர் பாக்கி எவ்வளவு என்று கண்டுபிடிக்க மாதக் கடைசியில் நீங்களும் அக்காவும் ராத்திரி பதினொரு மணி வரை உட்காருவதாக நீங்களே சொன்னீர்கள்.

இதையே நூறு கிளை உள்ள வங்கிக்கோ, பத்து ஊரில் தொழிற்சாலை வைத்திருக்கும் கம்பெனிக்கோ பெருக்கிப் பாருங்கள். இருபது வருடமாக ஆளாளுக்கு வாங்கிப் போட்ட சாஃப்ட்வேர் முந்நூறு கிடக்கும். எது எதனோடு பேச வேண்டும், எதை மூட வேண்டும், எதை முதலில் மாற்றினால் வியாபாரம் நிற்காமல் ஓடும் என்று மொத்தத்தையும் பார்த்து வழி சொல்கிறவர்தான் எண்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்ட். அவர் புரோகிராம் எழுதுவது குறைவு. ஆட்களிடம் பேசுவதும் படம் போடுவதும்தான் அதிகம்.

நம் ஊர்க்காரருக்கு இது புது விஷயமே இல்லை. மீனாட்சி கல்யாணமும் தேரோட்டமும் ஒரு காலத்தில் மாசி மாதம் நடந்தன, அழகர் தேனூரில்தான் ஆற்றில் இறங்கினார், திருமலை நாயக்கர்தான் இரண்டையும் சித்திரையில் மதுரையில் சேர்த்துவைத்தார் என்பது நாம் கேட்டு வளர்ந்த கதை. யோசித்துப் பாருங்கள். தனித்தனியாக ஓடிக்கொண்டிருந்த இரண்டு பெரிய ஏற்பாடுகள். ஒவ்வொன்றுக்கும் தனி ஆட்கள், தனி வழி, தனி உரிமை. எதையும் நிறுத்தாமல் ஒரே காலத்துக்கு, ஒரே ஊருக்குக் கொண்டுவர வேண்டும். அதன் தடயம் இன்றைக்கும் இருக்கிறது: தேர் ஓடுவது சித்திரையில், ஓடும் தெரு மாசி வீதி. வண்டியூரில் இருக்கிற மண்டபத்துக்குப் பெயர் தேனூர் மண்டபம். பெரிய கம்பெனிகளிலும் இப்படித்தான். எப்போதோ ஒழிந்துபோன சாஃப்ட்வேரின் பெயரிலேயே இன்னும் ரிப்போர்ட் வந்துகொண்டிருக்கும். ஏன் அந்தப் பெயர் என்று கேட்டால் பழைய ஆள் ஒருவருக்குத்தான் தெரியும். அந்தப் பழைய ஆளைத் தேடிப்பிடித்துக் கேட்கத் தெரிவதுதான் இந்தத் தொழிலில் பாதி.

சரி, நோட்டீஸில் உள்ள 'டோகாஃப்' என்ன? தி ஓப்பன் குரூப் என்ற அமைப்பு வெளியிடும் வழிமுறை. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை வைத்திருந்த ஒரு வழிமுறையை அடிப்படையாகக் கொண்டு 1995இல் வந்தது. இப்போது புழக்கத்தில் இருப்பது 2022 ஏப்ரலில் வந்த 10வது பதிப்பு. இன்றைக்கு என்ன இருக்கிறது, நாளைக்கு என்ன வேண்டும், இடையில் உள்ள பள்ளத்தை எந்த வரிசையில் நிரப்புவது என்று படிப்படியாகச் சொல்லும். முன்னேற்பாடு ஒன்று, அப்புறம் ஏ முதல் எச் வரை எட்டுக் கட்டங்கள். நடுவில் 'தேவை என்ன' என்ற கேள்வி எப்போதும் உட்கார்ந்திருக்கும்.

தேர்வு இரண்டு நிலை. முதல் நிலையில் 60 நிமிடத்தில் 40 கேள்வி, 24 சரியாக இருந்தால் தேர்ச்சி. சொல்லுக்குப் பொருள், எந்தக் கட்டத்தில் எது வரும் என்கிற மாதிரிக் கேள்விகள்தான். உங்கள் மகள் ஆறு வாரம் முனைந்து படித்தால் பாஸாகிவிடுவாள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இதை எழுத அனுபவம் வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது. நோட்டீஸ் அடிக்கிறவர்களுக்கு வசதியாகப் போனது அதுதான். 'யார் வேண்டுமானாலும் எழுதலாம்' என்பதை 'யாருக்கு வேண்டுமானாலும் வேலை' என்று படிக்க வைத்துவிடுகிறார்கள்.

இரண்டாம் நிலை வேறு ரகம். எட்டே கேள்வி, 90 நிமிடம், புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம். ஒவ்வொன்றும் ஒரு கதை: இப்படி ஒரு கம்பெனி, இன்ன சிக்கல், நீங்கள் ஆர்க்கிடெக்ட், என்ன செய்வீர்கள்? நாலு விடை கொடுப்பார்கள். மிகச் சரியானதற்கு 5 மதிப்பெண், அடுத்ததற்கு 3, அதற்கடுத்ததற்கு 1, முழுக்கத் தவறானதற்குப் பூஜ்யம். 40க்கு 24 வேண்டும். இந்த மதிப்பெண் முறை எனக்கு ரொம்பப் பிடிக்கும். தொழிலில் முழுச் சரி, முழுத் தப்பு என்று வருவது அபூர்வம் என்பதை அந்தக் கேள்வித்தாளே ஒத்துக்கொள்கிறது. 5க்கும் 3க்கும் உள்ள வித்தியாசம், ஒரு கம்பெனிக்குள் நாலு வருடம் அடிபட்டவருக்குத்தான் எளிதில் பிடிபடும்.

நானே முந்திக்கொண்டவன்தான். சென்னையில் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடமே முதல் நிலை எழுதி பாஸானேன். மேஜையில் ஒட்டிக்கூட வைத்திருந்தேன். அந்தச் சமயம் இரண்டு ஆர்டர் சிஸ்டத்தை ஒன்றாக்குகிற வேலை வந்தது. புத்தகத்தில் உள்ளபடி அழகாகப் படம் போட்டு மீட்டிங்கில் காட்டினேன். கணக்குப் பிரிவு அம்மா ஒருவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "மாசக் கடைசி மூணு நாள், திரும்பி வர்ற சரக்கை நாங்க பழைய சிஸ்டத்துலதான் ஏத்துவோம். அது இதுல எங்க இருக்கு தம்பி?" என் படத்தில் அதற்குக் கட்டமே இல்லை. அவரிடம் போய் அரை மணி நேரம் பேச வேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை. ஆறு வாரம் தள்ளிப்போனது. அன்றைக்கே அந்தச் சான்றிதழைப் பிய்த்து எடுத்து டிராயரில் போட்டேன்.

நேர்காணலிலும் இதைத்தான் கேட்பார்கள். "நீங்கள் எந்த சிஸ்டத்தை மூடினீர்கள்? யார் எதிர்த்தார்கள்? எப்படிச் சமாளித்தீர்கள்?" கல்லூரியிலிருந்து நேராக வந்த பிள்ளை இதற்கு என்ன சொல்லும்? அப்புறம், படிப்பை முடித்தவுடன் இவ்வளவு பெரிய பெயருள்ள சான்றிதழ் பயோடேட்டாவில் இருந்தால், சில இடங்களில் சந்தேகமாகத்தான் பார்க்கிறார்கள். இதே தி ஓப்பன் குரூப் தருகிற இன்னொரு அங்கீகாரம் இருக்கிறது, ஓப்பன் சி.ஏ. (சர்டிஃபைட் ஆர்க்கிடெக்ட்) என்று. அதற்கு எழுத்துத் தேர்வே இல்லை. செய்த வேலையை எழுதிக் கொடுத்து, அதே தொழிலில் ஊறியவர்கள் முன்னால் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். இந்தத் தொழிலில் எதற்கு மரியாதை என்பது அதிலேயே தெரிகிறது.

நோட்டீஸையும் ஒரு கை பார்த்துவிடுவோம். இன்றைக்கில்லாவிட்டாலும் பின்னால் ஒருநாள் உதவும்.

85,000 ரூபாயில் தேர்வுக் கட்டணம் சேர்த்தியா என்று கேளுங்கள். தேர்வுக்கு டாலரில் தனிக் கட்டணம் உண்டு, நம் பணத்தில் பல பத்தாயிரம் வரும். பாதி இடங்களில் அதைக் கடைசி வாரத்தில்தான் சொல்வார்கள். எந்தப் பதிப்புக்கு வகுப்பு என்று கேளுங்கள். நீங்கள் கொண்டுவந்த நோட்டீஸில் 'டோகாஃப் 9' என்றுதான் இருக்கிறது, அது பழைய பதிப்பு. அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிறுவனங்களின் பட்டியலை தி ஓப்பன் குரூப்பே தன் இணையதளத்தில் போட்டிருக்கிறது. அதில் இவர்கள் பெயர் இருக்கிறதா என்று மகளைப் பார்க்கச் சொல்லுங்கள். 'நூறு சதவீதம் தேர்ச்சி, அசல் கேள்விகள் தரப்படும்' என்று கீழே ஒரு வரி இருக்கிறதே, அங்கேயே எழுந்து வந்துவிட வேண்டும். திருட்டுக் கேள்வித்தாளை மனப்பாடம் செய்து வாங்கிய சான்றிதழ் ரத்தானால், போவது உங்கள் பிள்ளையின் பெயர்.

இன்னொன்றையும் அவர்கள் சொல்லியிருக்க மாட்டார்கள். இந்தத் தேர்வுக்கு வகுப்புக்குப் போயே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தானே படித்தும் எழுதலாம். டோகாஃப் முழுவதையும் இணையத்தில் காசு கொடுக்காமலே படிக்கலாம்.

பெரிய கம்பெனிகள் இந்த ஆர்க்கிடெக்ட் வேலைக்கென்று விலை கொடுத்து வாங்கும் டூல்கள் இருக்கின்றன, ஸ்பார்க்ஸ், லீன்ஐஎக்ஸ் என்று. அவற்றைத் தனியாகக் காசு கட்டிப் படிக்க வேண்டியதில்லை, வேலைக்குப் போன இடத்தில் எது இருக்கிறதோ அதைக் கற்றுக்கொள்ளலாம். மகள் பழக வேண்டியது 'ஆர்க்கி' என்ற இலவச மென்பொருள். ஆர்க்கிமேட் என்ற பட மொழியில் வரையலாம். அந்த மொழி நெதர்லாந்தில் பிறந்தது, இப்போது அதுவும் தி ஓப்பன் குரூப்பிடம்தான் இருக்கிறது. வியாபார வேலைகள் மஞ்சள் கட்டம், சாஃப்ட்வேர் நீலம், சர்வரும் மெஷினும் பச்சை. ஒருநாள் மாலையில் ஆரம்பித்துவிடலாம்.

எதை வரைவது? உங்கள் கடையை. சும்மா சொல்லவில்லை அண்ணே. ஐ.பி.எம்.மில் இருந்த ஜான் சாக்மன் என்பவர் 1987இல் எழுதிய கட்டுரையிலிருந்துதான் இந்தத் துறை பேச ஆரம்பித்தது என்பார்கள். அவருடைய அட்டவணையின் தலைப்புகள் ஆறே கேள்விகள்: என்ன, எப்படி, எங்கே, யார், எப்போது, ஏன். இந்த ஆறையும் வைத்துக்கொண்டு அவள் பத்து நாள் கல்லா பக்கத்தில் உட்காரட்டும். ஒரு மூட்டை சிமென்ட் லாரியிலிருந்து இறங்குவது முதல் மேஸ்திரி பாக்கி அடைப்பது வரை, எத்தனை இடத்தில் எழுதப்படுகிறது? எங்கே இரண்டு தடவை? எங்கே ஒரு தடவைகூட இல்லை? வரைந்து முடித்ததும் குடோன் பையனிடம் காட்டி, "இதில் எது தப்பு?" என்று கேட்கட்டும். அந்த ஒரு கேள்வியைக் கூச்சமில்லாமல் கேட்கப் பழகிவிட்டால், எனக்கு மூன்று வருடம் கழித்து வந்த புத்தி அவளுக்கு இப்போதே வந்துவிடும். அந்தப் படத்தை நேர்காணலில் காட்டலாம். 85,000 ரூபாய்ச் சான்றிதழைவிட அது நிறையப் பேச வைக்கும்.

வேலைக்கு வருவோம். இலந்தைக்குளத்திலும் வடபழஞ்சியிலும் தமிழக அரசு நிறுவனமான எல்காட்டின் ஐ.டி. பார்க் இருக்கிறது. டெஸ்டிங், சப்போர்ட் என்று கிடைத்தால் முகம் சுளிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். சப்போர்ட்டில் இருப்பவளுக்குத்தான் எந்த சிஸ்டம் ராத்திரி இரண்டு மணிக்கு விழும், விழுந்தால் யார் போன் அடிப்பார்கள் என்பது தெரியும். கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் ஏதாவது ஒரு தொழிற்சாலைக்கு ஈ.ஆர்.பி. (எல்லாப் பிரிவு வேலையையும் ஒன்றாகப் பார்க்கும் சாஃப்ட்வேர்) போட்டுக் கொடுக்கிற சின்ன நிறுவனம் கிடைத்தாலும் போகலாம். சம்பளம் குறைவாக இருக்கும், ஆனால் கொள்முதல், உற்பத்தி, கணக்கு எல்லாம் ஒரே கூரையின் கீழ் பார்க்கக் கிடைக்கும். டேட்டாபேஸிலிருந்து விவரம் எடுக்கிற எஸ்.கியூ.எல். மொழி நன்றாக வர வேண்டும், அதில் சமரசம் வேண்டாம்.

ஒன்றிரண்டு வருடம் போனதும் கிளவுட் (இணையம் வழியாக வாடகைக்குக் கிடைக்கிற சர்வர்கள்) பக்கம் ஒரு சான்றிதழ் எடுக்கலாம். அமேசானின் ஏ.டபிள்யூ.எஸ். சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட் என்றால் 65 கேள்வி, 130 நிமிடம், மூன்று வருடம் செல்லும், கட்டணம் 150 டாலர். பெயரில் ஆர்க்கிடெக்ட் இருந்தாலும் இது இளம் பொறியாளர்களும் எழுதக்கூடியது, எழுதுகிறார்கள். அப்புறம் ஐந்தாறு வருடம் கழித்து, இரண்டு துறைகளுக்கு நடுவில் நின்று பஞ்சாயத்து பேசுகிற வேலை அவள் தலையில் விழும். அந்த வருடம் டோகாஃப் எழுதட்டும், இரண்டு நிலையையும் சேர்த்தே. அதற்குள் கம்பெனியே கட்டணத்தைக் கட்டவும் வாய்ப்புண்டு, பாஸானால் பணத்தைத் திருப்பித் தருகிற வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அரசுப் பக்கமும் இந்த அறிவுக்கு இடம் இருக்கிறது: மத்திய மின்னணு அமைச்சகம் 2018இல் 'IndEA' (இந்தியா எண்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர்) என்ற பெயரில் அரசுத் துறைகளுக்கென்றே ஒரு கட்டமைப்பை வெளியிட்டிருக்கிறது.

நோட்டீஸில் உள்ள 'ஆண்டுக்கு இருபது லட்சம்' பற்றிக் கேட்டீர்கள். பன்னிரண்டு, பதினைந்து வருடம் ஓட்டிய ஆட்களுக்கு அதற்கு மேலும் கிடைக்கிறது. அதைக் கல்லூரி முடித்த பிள்ளையின் கண் முன்னால் காட்டுவதுதான் எனக்கு எரிச்சல். பக்கத்து வீட்டுப் பையன் பெங்களூரில் சேர்ந்துவிட்டான் என்ற உங்கள் கவலையும் தெரியும். ஆனால் அந்தக் கவலையோடு நீங்கள் வளையலை அடகு வைத்தால், கிடைக்கிற முதல் வேலையே அந்த வட்டிக்குத்தான் என்று அவளுக்கு ஆகிவிடும். நல்ல இடம் வருகிறவரை நாலு மாதம் பொறுத்திருக்கிற சுதந்திரம் போய்விடும்.

வருகிற சனிக்கிழமை மதியத்துக்கு மேல் நான் சும்மாதான் இருப்பேன். மகளைக் கூட்டி வாருங்கள். அன்று நீங்களும் நானும்தான் பேசினோம், அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. லேப்டாப்பில் ஆர்க்கியை ஏற்றிக்கொண்டு வரட்டும். குடோன் நோட்டையும் எடுத்து வாருங்கள். ஆனால் பையனிடம் சொல்லிவிட்டு எடுங்கள், இல்லாவிட்டால் சாயங்காலம் லோடு வரும்போது அவன் திண்டாடுவான்.