பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் வாங்கிய டொராய்டு (காயில் சுற்றும் வளையக் காந்தக் கோர்): என்ன கோர் இது?

அல்சூரிலிருந்து: அண்ணா, எஸ்.பி. ரோட்டில் பழைய சாமான் கடையில் அள்ளிக்கொண்டு வந்த கோர்கள். மஞ்சள் நிறம். ரேடியோவுக்கு ஆகுமா?

புரட்டிப் பாருங்க. ஒரு முகம் வெள்ளை என்றால் கம்ப்யூட்டர் பவர் சப்ளையில் கழற்றியதாகத்தான் இருக்கும். கோர் தயாரிக்கும் மைக்ரோமெட்டல்ஸ் கம்பெனி கணக்கில் 26-ஆம் ரக இரும்புத்தூள், ஊடுதிறன் (காந்தப்புலத்தை உள்ளே விடும் திறன்) 75. ரேடியோவில் போட்டால் சூடுதான் மிச்சம். டி.சி. ஃபில்டருக்கு வைத்துக்கொள்ளுங்க. அந்த முகம் வெள்ளையாக இல்லாமல், பெயின்டே இன்றிச் சாம்பலாக இருந்தால் அது 6-ஆம் ரகம், ரேடியோவுக்கு அருமையான சரக்கு. ஆனால் அதே மஞ்சளை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். அளந்து பார்க்காமல் நம்பாதீங்க.

கே.ஆர்.புரத்திலிருந்து: சார், என்னிடம் இருப்பது வெறும் கறுப்பு வளையம். நம்பரும் இல்லை, நிறமும் இல்லை.

எனாமல் வயரில் 10 சுற்று போடுங்க. ஓட்டைக்குள் வயர் எத்தனை தடவை நுழைகிறதோ அத்தனை சுற்று; வெளியே எண்ணினால் ஒன்று தப்பும். எல்.சி.ஆர். மீட்டரில் (காயிலின் இண்டக்டன்ஸ், அதாவது தூண்டல் அளவை, அளக்கும் கருவி) வருவதை 100-ஆல் வகுங்க, ஏனென்றால் இண்டக்டன்ஸ் சுற்றின் வர்க்கத்தில் ஏறும். 44 மைக்ரோஹென்றி காட்டினால் ஏ.எல். மதிப்பு (ஒரு சுற்றுக்கான இண்டக்டன்ஸ்) 440 நானோஹென்றி.

அப்புறம் வெர்னியர் அளவுகோலை எடுங்க. வெளிவிட்டத்தை உள்விட்டத்தால் வகுத்து, அதன் இயல்மடக்கையை உயரத்தாலும் (மி.மீ.) 0.2-ஆலும் பெருக்குங்க. வெளியே 12.7, உள்ளே 7.15, உயரம் 4.8 என்றால் சுமார் 0.55 வரும். 440-ஐ அதால் வகுத்தால் 800. 43-ஆம் ரக ஃபெரைட்டுக்கு (பீங்கான் போன்ற காந்தப் பொருள்) அதுதான் ஊடுதிறன். ஃபெரைட்டில் 20 சதவீதம் முன்னே பின்னே இருப்பது சகஜம், 700 வந்தாலும் பயப்பட வேண்டாம்.

அதே நண்பர்: எல்.சி.ஆர். மீட்டர் இல்லையே சார், மல்டிமீட்டர்தான்.

பாதி விடை கிடைக்கும். கோரில் பூச்சு இல்லாத இடத்தில் மீட்டரின் இரண்டு முனையையும் அழுத்துங்க. கிலோ ஓம் கணக்கில் காட்டினால் மாங்கனீஸ்-ஜிங்க் ஃபெரைட், மீட்டர் அசையவே இல்லை என்றால் நிக்கல்-ஜிங்க். காந்தம் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை, எல்லாமே ஒட்டும்.

ஜாலஹள்ளியிலிருந்து: எஸ்.எம்.பி.எஸ். (ஸ்விட்சிங் பவர் சப்ளை) வாசலில் இரண்டு காயில் சுற்றிய பச்சை கோரை பக் கன்வெர்ட்டரில் (டி.சி. வோல்டேஜைக் குறைக்கும் சர்க்யூட்) போடலாமா?

வேண்டாம். அது காமன் மோட் சோக் (மின் இரைச்சலைத் தடுக்கும் காயில்). இரண்டு காயிலின் காந்தப்புலமும் ஒன்றையொன்று கழித்துவிடுவதால்தான் அங்கே தாக்குப்பிடிக்கிறது. ஒற்றைக் காயிலில் டி.சி. விட்டால் கோர் உடனே சாச்சுரேட் ஆகிவிடும், அதாவது அதற்கு மேல் காந்தப்புலத்தைத் தாங்காது.

மல்லேஸ்வரத்திலிருந்து: அரை அங்குல சிவப்பு கோரில் 10 சுற்று போட்டும் மீட்டர் பூஜ்யம்தான் காட்டுகிறது அண்ணா.

2-ஆம் ரகம் என்றால் ஏ.எல். வெறும் 4.9 நானோஹென்றிதான். 10 சுற்றுக்கு அரை மைக்ரோஹென்றிகூட முழுசாகத் தேறாது, மலிவு மீட்டருக்கு அது கண்ணிலேயே படாது. 30 சுற்று போட்டு 900-ஆல் வகுங்க. அளப்பதற்கு முன் மீட்டர் வயர்கள் இரண்டையும் சேர்த்துப் பிடித்து என்ன காட்டுகிறது என்று பார்த்துக் கழித்துவிடுங்க.