2147483647: இரண்டு இரவு வகுத்தும் முடியாத எண்

கொக்குவிலிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: "மகள் உயர்தரத்தில் இணைந்த கணிதம் படிக்கிறாள். 2147483647 ஒரு முதன்மை எண் என்று நிறுவிவரும்படி கணித மன்றத்தில் சொல்லியிருக்கிறார்கள். சாதாரண கணிப்பான் மட்டுமே பாவிக்கலாம். இரண்டு இரவாக 3, 7, 11 என்று வகுத்துக்கொண்டிருக்கிறாள். இதற்கு ஒரு முடிவு உண்டா?"

உண்டு, அம்மா. ஆனால் அவள் போகும் வழி மிக நீளம். இந்த எண்ணின் வர்க்கமூலம் 46340ஐச் சற்றே தாண்டும். அதுவரை உள்ள முதன்மை எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும், ஆனால் அவையே 4700க்கும் மேல். வகுப்பதை நிறுத்திவிட்டு, எண் எப்படிப் பிறந்தது என்று முதலில் பார்க்கட்டும். 2ஐ 31 தடவை பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருவதே இது.

இதற்கு ஒரு முதன்மைக் காரணி இருந்தால், அதனால் 2இன் 31ஆம் அடுக்கை வகுக்கும்போது மீதி 1. பேர்மாவின் தேற்றப்படி, காரணியில் ஒன்று குறைத்து வரும் அடுக்குக்கும் மீதி 1தான். 31 முதன்மை எண் என்பதால், காரணியில் ஒன்றைக் கழித்தால் 31இன் மடங்கு கிடைத்தே ஆகவேண்டும். அது இரட்டை எண்ணும்கூட. ஆகவே 62இன் மடங்கு. சிறிய எண்ணில் சரிபார்க்கலாம்: 2இன் 11ஆம் அடுக்கில் ஒன்று குறைய 2047, அது 23 × 89. 22, 88 இரண்டுமே 22இன் மடங்குகள். இதை முதன்முதல் கண்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. 2இன் 32ஆம் அடுக்கு ஒரு வர்க்கம். காரணியால் அதை வகுக்க மீதி 2. அப்படியானால் காரணியை 8ஆல் வகுக்க மீதி 1 அல்லது 7 மட்டுமே வரலாம். இரண்டையும் சேர்த்தால், 248ஆல் வகுக்க மீதி 1 அல்லது 63 வரும் எண்களே மிஞ்சும். 1, 63 இரண்டையும் விட்டால், 46340 வரை அவை 372. அவற்றிலும் முதன்மை எண்கள் நூறுக்குக் குறைவு. கண்பார்வை பெரும்பாலும் போய்விட்ட முதுமையில் கணித மேதை ஒயிலர் 1772இல் இந்த எண்ணை முதன்மை என்று அறிவித்தது இப்படிச் சலித்தெடுத்துத்தான்.

249 மூன்றால் வகுபடும், விடலாம். 311 முதன்மை எண்: 311 × 6905092 = 2147483612; மீதி 35. அடுத்து 497, 559, 745, 807, 993, 1055, 1241 எல்லாமே பகுபடுபவை. நேரே 1303க்குத் தாவலாம், மீதி 226. தசமத்தை நம்பாமல், ஈவைத் திரும்பப் பெருக்கிக் கழித்து மீதியை எழுதுவதே பாதுகாப்பு. மின்சாரம் இல்லாத தொண்ணூறுகளில் குப்பி விளக்கடியில் மடக்கை அட்டவணையோடு படித்த எங்களுக்கு அந்தப் பழக்கமே கைகொடுத்தது.

2இன் அடுக்கில் ஒன்று குறைந்த இத்தகைய எண்களுக்கென்றே உள்ள லூக்காஸ்–லேமர் சோதனை 29 படிகளில் முடிந்துவிடும். 2024இல் அறிவிக்கப்பட்ட, நான்கு கோடிக்கும் அதிக இலக்கங்கள் கொண்ட முதன்மை எண்ணை உறுதிசெய்ததும் அதுதான். ஆனால் நம் எண்ணுக்கே ஒவ்வொரு வர்க்கமும் 19 இலக்கம் வரை நீளும். மகளின் கணிப்பான் அதைத் தாங்காது. அவள் கொப்பியில் 1303க்குக் கீழே அடுத்த எண்ணை எழுதட்டும். ஒரு சனிக்கிழமை போதும்.